இரண்டாவது கியர்

சூசாமிர் புல்வெளியில் விடிவதற்குள்
பதினாறு கேன் குதிரைப்பால் ஏற்றியாகிவிட்டது.
இன்ஜின் இருமி, இன்னும் கொஞ்சம் இருமி,
ஒருவழியாகப் பேச்சுக்கு வருகிறது.
முதல் கியர் விழுகிறது, மனமில்லாமல்.
இரண்டாவதுக்குத் தள்ளினால்
நறநறவென்கிறது,
தூக்கத்தில் பல் கடிக்கும் பிள்ளைபோல்.

மூன்று நாளாக இதே கூத்து.
முதல் நாள் குளிரின் மேல் பழி போட்டேன்:
பெட்டிக்குள் ஆயில் பாகாய் இறுகியிருக்கும்,
ஓடினால் இளகும் என்று.
ஓடினேன். இளகியது.
நறநற மட்டும் இளகவில்லை.
மறுநாள் கியர் கம்பியைத் திட்டினேன்.
அப்புறம் வண்டியை விற்ற எல்டியாரை,
அவன் கையெழுத்தை,
அவன் மீசையைக்கூட.

தோ-அஷூ ஏற்றத்தில், ஏழாவது வளைவில்,
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டிய அந்த ஒரு நொடியில்
கியர் எங்கேயும் சேராமல் நின்றுவிட்டது.
வேன் பின்னால் நழுவ,
கேன்களுக்குள் பால் தளும்ப,
கைப்பிரேக்கை இழுத்த இழுப்பில் தோள்பட்டை வெட்டியது.
பின்னால் வெங்காய லாரி. ஹாரன்.
லாரியிலிருந்து ஒருவர் இறங்கினார்
என்னைத் திட்டத்தான்.
முதலில் சக்கரத்துக்குக் கல் வைத்தார்,
பிறகு திட்டினார்,
பிறகு, "என்ன கோளாறு?" என்றார்.
பெயர் ஒஸ்கோன். கையெல்லாம் வெங்காயச் சருகு.

"இன்ஜினை நிறுத்து. இப்போது போடு."
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
எண்ணெய்க்குள் விரல் இறங்குவதுபோல் இறங்கின.
"ஸ்டார்ட் செய். போடு."
நற நற நற.
"பெட்டிமேல் குற்றமில்லை.
கிளட்ச் இன்ஜினை முழுசாக விடமாட்டேன் என்கிறது."

பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்:
கிளட்ச் ஆயில் கோடுவரை இருந்தது.
வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார்:
எங்கும் கசிவில்லை.
அங்கிருந்தே கத்தினார்: "மிதி!"
மிதித்தேன்.
"முழுசாக மிதி, தங்கச்சி!"
முழுசாகத்தான் மிதிக்கிறேன் என்றேன்.
"இங்கே கவை பாதிதான் நகர்கிறது."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
சறுக்கியபடி வெளியே வந்தார்,
கதவைத் திறந்து
என் காலைப் பார்த்தார்.

பெடலுக்கடியில் கம்பளித் தரிவிரிப்பு,
மூன்றாய் மடித்தது,
இரண்டு விரல் கனம்,
நடுவே சிவப்பில் ஆட்டுக்கொம்புக் கோலம்.
என் கல்யாணத்துக்கு வந்தது.
திங்கட்கிழமை ராத்திரி
யாகுத்ஸ்கிலிருந்து எசென் பேசினான்,
இந்தக் குளிர்காலமும் வரமுடியாதாம்.
செவ்வாய் காலை எனக்குக் கால் குளிர்ந்தது.
ஆட்டு மயிர் கத்தரிக்கும் கத்தரியை எடுத்தேன்.
அவ்வளவுதான் விஷயம்.

"இதை யார் இங்கே போட்டது?"
"வண்டி வாங்கும்போதே இருந்தது" என்றேன்.
வெட்டிய ஓரத்தில் நூல் இன்னும்
புதுசாய்ப் பிரிந்து நின்றது.
அவர் அதைக் கட்டைவிரலால் தடவினார்.
எல்டியாரை இரண்டு வார்த்தை திட்டினார்,
எனக்கு உதவியாக.

கூலி ஒரு பாட்டில் புளித்த பால்.
அங்கேயே பாதி குடித்து, மீசை துடைத்து,
"மூன்றாவது கொஞ்சம் முனகும்.
அது அதன் குணம், விட்டுவிடு" என்றார்.

மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது,
மூன்று நாளில் முதல் தடவையாக.
இரண்டாவது கியர் "டக்" என்று உட்கார்ந்தது.
விரிப்பை முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டேன்.
சுரங்கம் தாண்டி, காரா-பால்தா பக்கம் இறக்கம்.
இரும்புத் தரையில் பாதம் உறைகிறது,
காலணிக்குள் விரல்களை
மடக்கி, நீட்டி,
மடக்கிக்கொண்டு போகிறேன்.
போன் அடிக்கிறது.
வளைவு. கையில் கியர்.
அடிக்கட்டும்.